செவுளிலிருந்து தொடங்குங்கள்: விலங்குகளின் சுவாசத்தை நேரில் கற்க ஒரு கடலூர் வழிகாட்டி

விலங்குகள் ஆக்சிஜனை எப்படி எடுத்துக்கொள்கின்றன, கார்பன் டை ஆக்சைடை எப்படி வெளியேற்றுகின்றன என்ற பாடத்தை நம்முடைய நூல்கள் பெரும்பாலும் மனித நுரையீரலின் படத்திலிருந்து தொடங்குகின்றன. புதிதாகக் கற்பவருக்கு அது பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. நுரையீரல் விலாக்கூட்டுக்குள் மறைந்திருக்கிறது. வாயுக்கள் இடம் மாறும் அதன் பரப்போ வெறுங்கண்ணுக்கு எட்டாத நுண்ணிய அறைகளில் சிதறிக் கிடக்கிறது. மீனின் செவுளை அப்படித் தேட வேண்டியதில்லை. மூடியை விரலால் தூக்கினால் உறுப்பு முழுவதும் கண்முன் நிற்கும். கடலூரிலோ புதுச்சேரியிலோ வாழ்பவர்களுக்குக் கடல், கழிமுகம், ஏரி, சந்தை ஆகிய நான்கும் ஒரு பேருந்துப் பயணத்திற்குள் அடங்கிவிடுவதால், இந்தப் பாடத்தை நேரில் கற்க இதைவிட வசதியான ஊர்கள் குறைவு.

இதற்காக எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கைவிடச் செய்தது. நாம் கையில் எடுத்துப் பார்க்கப் போவதெல்லாம் சமையலுக்காக ஏற்கெனவே விற்பனைக்கு வந்தவை. மற்றவற்றை உயிரோடு, பெரும்பாலும் தொடாமல், கவனிக்கப் போகிறோம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், கைப்பேசியின் டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், இரண்டு கண்ணாடிக் குவளைகள், கையுறை, நொடி காட்டும் கடிகாரம், ஒரு நோட்டு ஆகியவை இருந்தால் போதும்.

புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எந்த விலங்கும் ஆக்சிஜனைப் பிடித்து உள்ளே இழுப்பதில்லை. ஆக்சிஜன், அதன் அழுத்தம் அதிகமாக உள்ள பக்கத்திலிருந்து குறைவாக உள்ள பக்கத்திற்குத் தானாகவே பரவுகிறது. கார்பன் டை ஆக்சைடும் அதே விதிப்படி எதிர்த்திசையில் வெளியேறுகிறது. இந்தப் பரவலின் வேகம் எதைப் பொறுத்தது என்பதை அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1855-இல் வகுத்துக் கூறினார். நமக்குத் தேவையான அளவில் அதன் சாரம் இதுதான்: இடையில் உள்ள சவ்வின் பரப்பு பெருகினால் பரவல் கூடும்; சவ்வு தடித்தால் குறையும்; இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடினால் கூடும். ஆகவே எந்த விலங்கைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் உடலில் மிக மெல்லிய சவ்வு எங்கே இருக்கிறது? அந்தச் சவ்வின் பரப்பை அது எப்படிப் பெருக்கிக்கொண்டிருக்கிறது? சவ்வு காய்ந்துவிடாமல் எப்படிக் காக்கிறது? சவ்வின் ஒரு பக்கம் காற்றோ நீரோ, மறுபக்கம் இரத்தமோ தேங்கி நிற்காமல் எப்படி நகர்த்துகிறது? இனி வரும் படிகள் அனைத்தும் இந்த நான்கு கேள்விகளுக்கு வெவ்வேறு உயிர்கள் சொல்லும் விடைகளே.

சில எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊரின் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில், அது முழுமையாகக் காற்றோட்டம் பெற்றிருந்தாலும், ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும்; கடல்நீரில் 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். ஒரு கிராம் ஆக்சிஜன் வேண்டுமென்றால் காற்றைச் சுவாசிக்கும் விலங்குக்கு 4 லிட்டருக்கும் குறைவான காற்று போதும், அதன் எடை 5 கிராம்கூட வராது. நீரில் வாழும் விலங்கோ, ஒரு துளி ஆக்சிஜனைக்கூட வீணாக்காமல் எடுத்தாலும், 130 லிட்டருக்கு மேல் நீரை, அதாவது 130 கிலோவுக்கு மேற்பட்ட எடையை, செவுள்கள் வழியே தள்ளியாக வேண்டும். இத்துடன், ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. செவுளும் நுரையீரலும் ஏன் இத்தனை வேறுபட்டிருக்கின்றன என்பதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

முதற்படி: சொந்த மூச்சைச் சோதித்தல்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் மெல்ல வடித்து இரண்டு குவளைகளில் அரைக் குவளை வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதினால் நீர் விரைவிலேயே பால் நிறமாகும். மற்றொன்றில் மீன் தொட்டிக்கான காற்றுப் பம்பின் குழாயைப் போட்டால் நெடுநேரம் தெளிவாகவே இருக்கும். வெளிக்காற்றில் ஏறக்குறைய 0.04 விழுக்காடே உள்ள கார்பன் டை ஆக்சைடு, நாம் வெளிவிடும் மூச்சில் 4 விழுக்காட்டை ஒட்டி இருப்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம். தொடர்ந்து ஊதிக்கொண்டே இருந்தால் கலங்கிய நீர் மீண்டும் தெளியும்; கால்சியம் கார்பனேட், நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது. ஸ்ட்ராவை உறிஞ்சவும் கூடாது. சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

மூச்சை அடக்கிப் பார்த்தால், சற்று நேரத்தில் மூச்சு விட்டே ஆக வேண்டும் என்ற தவிப்பு எழும். அந்தத் தவிப்பை எழுப்புவது முக்கியமாக இரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் குறைவதை உடல் அத்தனை விரைவில் உணர்வதில்லை. ஆகவே நீரில் மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு விட்டுக்கொண்டு போவது ஆபத்தான பழக்கம். கார்பன் டை ஆக்சைடு முன்கூட்டியே வெளியேறிவிடுவதால் தவிப்பு தோன்றும் முன்பே நினைவு தப்பிவிடும். தேவனாம்பட்டினத்திலும் ஆற்று முகத்திலும் போட்டி போட்டு முக்குளிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இரண்டாம் படி: மீன் சந்தை

கடலூர் முதுநகர் துறைமுகத்திற்கு விடியற்காலையில் சென்றால் மீன் வகைகள் நிறையக் கிடைக்கும். புதுச்சேரியில் இருப்பவர்கள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திற்கோ குபேர் அங்காடிக்கோ செல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால் பெரிய மீன்களின் வரத்து குறைந்திருக்கும். அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. சங்கரா, கொடுவா, வஞ்சிரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை வாங்கிக்கொண்டு, சுத்தம் செய்து தரும் பெண்மணியிடம் “செவுளைத் தூக்கிப் போடாம தனியா ஒரு பையில குடுங்க அக்கா” என்று கேளுங்கள். குழம்புக்கா என்று வியப்பாகக் கேட்பார்கள். பிள்ளைகள் படிப்புக்கு என்று சொன்னால், பக்கத்துக் கடையிலிருந்தும் வேறு மீனின் செவுளை வாங்கித் தருபவர்கள் உண்டு.

செவுளைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து தொடங்கலாம். “செவுளைப் பாருங்க, எப்படிச் சிவந்து கிடக்கு” என்று மூடியைத் தூக்கிக் காட்டுவது மீன் புதியது என்பதற்கு அவர்கள் தரும் சான்று. அந்தச் சிவப்பு, சவ்வு மிக மெல்லியதாக இருப்பதால் உள்ளிருக்கும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் வெளியே தெரியும் நிறம். மீன் பழசாகும்போது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைவதால் நிறம் பழுப்பாக மாறுகிறது. நான்கு கேள்விகளில் முதலாவதற்கு விடை சந்தையிலேயே கிடைத்துவிட்டது.

வீட்டிற்கு வந்ததும் செவுளை மென்மையாக அலசி வெள்ளைக் கிண்ணத்தில் வையுங்கள். எலும்பு மீன்களில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வளைவுகள் இருக்கும். ஒரு வளைவைத் தனியே பிரித்தால் நடுவில் வெண்மையான எலும்பு வில்லும், அதன் வெளிப்புறத்தில் சீப்பின் பற்களைப் போல இரண்டு வரிசைகளாகச் சிவந்த இழைகளும் தெரியும். உட்புறத்தில் விறைப்பாக நிற்கும் வெண்ணிற முட்களைப் புதியவர்கள் சுவாச உறுப்பு என்று எண்ணிவிடுவதுண்டு. அவற்றுக்கும் சுவாசத்திற்கும் தொடர்பில்லை. நீரோடு வரும் இரை செவுளுக்குள் புகுந்துவிடாமல் தடுத்து வாயிலேயே நிறுத்துவது அவற்றின் வேலை. நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் அம்முட்கள் நீண்டும் நெருங்கியும் இருப்பதை, கொன்று தின்னும் மீன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு சிவந்த இழையை லென்ஸின் கீழ் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அதன் மேல் நெருக்கமான குறுக்குக் கோடுகள் மங்கலாகத் தெரியலாம். பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் ஐயமின்றித் தெரியும். அவை இழையின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகடுகள். வாயுப் பரிமாற்றம் உண்மையில் நடப்பது அவற்றில்தான். வளைவிலிருந்து இழைகள், இழையிலிருந்து தகடுகள் என்று பிரிந்து பிரிந்து போவதே சிறிய தலைக்குள் பெரிய பரப்பை அடைத்து வைக்கும் வழி. நுரையீரல் வரை எல்லா உறுப்புகளிலும் இந்த உத்தியை மீண்டும் சந்திப்பீர்கள்.

அடுத்து வரும் சோதனைக்காகவே இந்தப் படி முழுவதையும் சிபாரிசு செய்வேன். கிண்ணத்தில் நீர் நிரப்பி, செவுள் வளைவை அதில் மூழ்கவிட்டு, லேசாக அசையுங்கள். இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விரியும். ஒவ்வொன்றின் இடையிலும் நீர் புகும். இப்போது வளைவை நீருக்கு வெளியே தூக்குங்கள். அத்தனை இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்து ஒரே கட்டியாகிவிடும். நீரைவிட 35 மடங்குக்கும் மேல் ஆக்சிஜன் உள்ள காற்றில் மீன் ஏன் மூச்சுத் திணறி இறக்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான். நீரின் தாங்குதல் போனதும் பரப்பு சுருங்கிவிடுகிறது, சிறிது நேரத்தில் காயவும் தொடங்குகிறது. ஆக்சிஜன் சுற்றிலும் இருந்தும் நுழைய வழியில்லை.

கிண்ணத்தில் காட்ட முடியாத இன்னொன்றும் செவுளில் இருக்கிறது. தகடுகளின் மேல் நீர் ஒரு திசையில் ஓட, தகடுகளுக்குள் இரத்தம் அதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் ஓடினால் சிறிது தொலைவிலேயே இரு பக்கமும் சமமாகிப் பரவல் நின்றுவிடும். ஏறக்குறைய பாதி ஆக்சிஜனுக்கு மேல் எடுக்க முடியாது. எதிரெதிரே ஓடும்போது, ஏற்கெனவே ஆக்சிஜன் பெற்ற இரத்தம் அதைவிடச் செறிந்த புதிய நீரைச் சந்திக்கிறது. ஆக்சிஜனை இழந்த நீர் அதைவிட வறண்ட இரத்தத்தைச் சந்திக்கிறது. வேறுபாடு கடைசிவரை நிலைப்பதால் சில மீன்கள் நீரில் உள்ள ஆக்சிஜனில் 80 விழுக்காடு வரை எடுத்துவிடுகின்றன. நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் வெளிவரும்போது 16 விழுக்காடாகக் குறைகிறது, அதாவது கால்பங்கைத்தான் எடுக்கிறோம். ஆக்சிஜன் மலிந்த காற்றில் வாழ்பவர்களுக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகும், மீனுக்கு ஆகாது.

அதே சந்தையில் இன்னும் இரண்டு மீன்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். திருக்கையைப் புரட்டினால் வயிற்றுப் பக்கத்தில் ஐந்து இணைச் செவுள் பிளவுகள் தெரியும். மேல்பக்கத்தில் கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை இருக்கும். மணலில் படுத்துக் கிடக்கும்போது வாய் வழியாக நீரை எடுத்தால் மணலும் சேர்ந்து வரும் என்பதால், மேலிருக்கும் அந்தத் துளை வழியாகத் தெளிந்த நீரை எடுத்துக் கீழே விடுகிறது. சூரை மீனோ நின்ற இடத்தில் செவுளுக்கு நீரை அடிக்க இயலாதது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் நீர் செவுளைக் கடக்கும். நீந்துவதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

மூன்றாம் படி: நண்டும் கணவாயும்

முக்கண்ணன் நண்டோ நீலக்கால் நண்டோ எதுவானாலும் சுத்தம் செய்யும்போது மேலோட்டைப் பிரித்ததும் இரு பக்கங்களிலும் சாம்பல் நிறத்தில், கூர்முனையோடு, வரிசையாகப் படிந்திருக்கும் மென்மையான பகுதியைப் பிய்த்து எறிகிறோம். அவைதான் செவுள்கள். சிவப்பாக இல்லாததற்குக் காரணம், நண்டின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கிடையாது. அதற்குப் பதிலாக ஆக்சிஜனைச் சுமக்கும், செம்பைக் கொண்ட ஹீமோசயனின் என்ற புரதம் ஆக்சிஜன் ஏறும்போது நீலமாகவும் இறங்கும்போது ஏறக்குறைய நிறமின்றியும் இருக்கும். கணவாயின் உடலுறையைப் பிளந்தால் உள்ளே இரண்டே இரண்டு வெளிறிய செவுள்கள் இருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் அதற்கென்றே ஒரு சிறு இதயம் இருக்கும். உடலுக்கு இரத்தம் அனுப்பும் இதயத்தையும் சேர்த்தால் மொத்தம் மூன்று.

உயிருள்ள நண்டு கூடையில் கிடக்கும்போது வாயருகே நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். கால்களின் அடியில் நீரை உள்ளே இழுத்து வாயருகே வெளியேற்றும் சிறு துடுப்பு ஒன்று அதன் செவுளறையில் ஓயாமல் அசைகிறது. நீருக்கு வெளியே மிச்சமிருக்கும் கொஞ்ச நீரையும் காற்றையும் சேர்த்து அடிப்பதால் நுரை உண்டாகிறது. மாலையில் வெள்ளிக் கடற்கரையில் வளைகளிலிருந்து வெளிவந்து ஓடும் வெளிர்நிற நண்டுகள் இந்த நிலையிலிருந்து ஒரு படி மேலே போனவை. அவற்றின் செவுளறைச் சுவரிலேயே இரத்த நாளங்கள் படர்ந்து காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கின்றன. கால்களுக்கு இடையில் உள்ள மயிர்க்கற்றைகளால் ஈரமணலிலிருந்து நீரை உறிஞ்சிச் செவுளை நனைத்துக்கொள்கின்றன. ஈர மணலில் ஒன்று தணிந்து உட்காருவதைக் கண்டால் விரட்டாமல் சற்று நேரம் நின்று பாருங்கள்.

நான்காம் படி: ஏரி மீனும் விடியற்காலைக் குளமும்

பெருமாள் ஏரி, வீராணம் போன்ற ஏரிகளின் மீன்கள் விற்கும் இடங்களில் விரால் மீனை அகன்ற சட்டியில், முதுகு நனையும் அளவு நீரில், மணிக்கணக்காக உயிரோடு வைத்திருப்பார்கள். கடல் மீனை இப்படி வைக்க இயலாது. விராலின் தலைக்குள் செவுளுக்கு மேலே இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு காற்றறை இருக்கிறது. மீன் நீர்ப்பரப்பிற்கு வந்து காற்றை விழுங்கி அங்கே நிரப்பிக்கொள்கிறது. இரண்டு விழுங்கல்களுக்கு இடையிலான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற அந்த இடைவெளி குறைவதைக் காண்பீர்கள், ஏனெனில் வெப்பம் கூடினால் மீனின் தேவை கூடுகிறது, நீரில் கரைந்த ஆக்சிஜனோ குறைகிறது. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால் அது நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கும். பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவையும் தனித்தனியே வகுத்துக்கொண்ட காற்றறைகளால் இவ்வாறே வாழ்கின்றன. பனையேறிக் கெண்டை உண்மையிலேயே பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாகத் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியிருக்கிறார். ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை.

இந்த மீன்கள் ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்தாலும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதியைச் செவுளும் தோலும் வழியாக நீரிலேயே விட்டுவிடுகின்றன. ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு எளிதாகக் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைவதே காரணம். ஒரே உறுப்பு இரண்டு வாயுக்களையும் கையாள வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

சொந்தமாகக் குட்டையோ தொட்டியோ வைத்திருப்பவர்கள் ஒரு முறையாவது சூரியன் உதிக்கும் முன் எழுந்து போய்ப் பாருங்கள். பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் பாசி, மீன், அடிச்சேறு அனைத்துமே அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஜிலேபி மீன்கள் அந்நேரத்தில் மேற்பரப்பில் வரிசையாக வாயைத் திறந்து நிற்பதைப் பார்த்துக் காற்றைக் குடிப்பதாக எண்ண வேண்டாம். காற்றோடு உராய்வதால் சற்றே ஆக்சிஜன் கூடிய மேல் நீரைத்தான் அவை செவுளுக்குள் எடுக்கின்றன. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பகுதி இறால் பண்ணைகளில் இரவு நேரத்தில் துடுப்புச் சக்கர ஏரேட்டர்கள் சுழல்வதும் இதனால்தான். மழைக்காலத்தில் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் இந்தக் குறைவு கடுமையாகும். மீன்கள் மேலே வரத் தொடங்கினால் முதலில் தீனியை நிறுத்துங்கள், நீரைக் கலக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். வீட்டுத் தொட்டியின் காற்றுப் பம்பும் பெரும்பாலும் குமிழிகளால் உதவுவதைவிட மேற்பரப்பை ஓயாமல் புரட்டிவிடுவதாலேயே உதவுகிறது.

ஐந்தாம் படி: பிச்சாவரம்

2022-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பிச்சாவரத்தில் நீர் வற்றிய நேரத்தில் படகில் சென்றால், சுரபுன்னை வேர்களுக்கு இடையிலான சேற்றில் உளுவை மீன்கள் தாவித் திரிவதைக் காணலாம். புதுச்சேரிக்காரர்கள் அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தில் தேடிப் பார்க்கலாம். கன்னங்கள் உப்பியிருப்பது செவுளறையில் நீரையும் காற்றையும் அடைத்து வைத்திருப்பதால். தோலும் வாயின் உட்சவ்வும் ஈரமாக இருக்கும்வரை அவற்றின் வழியாகவும் ஆக்சிஜன் நுழையும்; அதனால்தான் அடிக்கடி சேற்று நீரில் உருண்டு நனைகின்றன. சேற்றுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்பதால், சில இனங்களில் ஆண்மீன் வாய் வாயாகக் காற்றைக் கொண்டுபோய் வளைக்குள் முட்டைகள் இருக்கும் அறையை நிரப்புகிறது. சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கும் வெண்கண்டல் மரத்தின் வேர்களும் மூச்சு வேர்களே, அவற்றை மிதிக்காதீர்கள்.

ஆறாம் படி: குவளைக்குள் கொசுப்புழு

பூச்சிகள் இரத்தத்தைக் கொண்டு ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத்துளைகளிலிருந்து கிளைத்துச் செல்லும் மூச்சுக்குழல்கள் ஒவ்வொரு திசு வரை காற்றையே நேரடியாகக் கொண்டு சேர்க்கின்றன. கரப்பான்பூச்சிக்கு இத்தகைய துளைகள் 10 இணைகள் உண்டு. தலை போன பின்னும் சில நாட்கள் உயிரோடு இருப்பதற்கு, மூச்சு விட அதற்குத் தலை தேவையில்லை என்பதும் ஒரு காரணம்.

இதைக் கண்ணால் காணக் கொசுப்புழுக்கள் உதவும். தேங்கிய நீரிலிருந்து சிலவற்றை ஒரு குவளையில் எடுத்து மெல்லிய துணியால் மூடுங்கள். கியூலெக்ஸ் என்ற கொசு வகையின் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வால்பக்கத்து மூச்சுக்குழாயின் நுனியை நீர்ப்பரப்பில் பொருத்தியிருக்கும். அனாபிலிஸ் என்ற மற்றொரு வகையின் புழுவிற்கு அந்தக் குழாய் இல்லாததால் நீர்ப்பரப்பிற்கு இணையாகப் படுத்திருக்கும். குவளையைத் தட்டினால் கீழே பாய்ந்து, சற்று நேரத்தில் மீண்டும் மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் குழாய் நுனியால் பரப்பைப் பிடித்து நிற்க முடியாமல், காற்றுக் கிடைக்காமல் இறந்துவிடும். தேங்கிய நீரில் எண்ணெய் தெளிக்கும் பழைய முறையின் அடிப்படை இதுவே. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் ஆய்வுப் பொருளே இந்தக் கொசுக்கள்தான். பார்த்து முடித்ததும் அன்றே குவளை நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: மண்புழுவும் தவளையும்

வடகிழக்குப் பருவமழையின் முதல் நாட்களே இதற்கு ஏற்றவை. மண்புழுவிற்குச் செவுளும் இல்லை, நுரையீரலும் இல்லை. கோழையால் எப்போதும் நனைந்திருக்கும் தோல் முழுவதும் அதன் மூச்சு உறுப்பு. வெயிலில் காய்ந்தால் அது சாவதற்கு நீரிழப்போடு இந்த மூச்சடைப்பும் காரணம். ஆகையால் உலர்ந்த கையால் எடுக்காதீர்கள்.

தவளையின் தொண்டை ஓயாமல் துடிப்பதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். அதற்கு உதரவிதானமும் இல்லை, நம்மைப்போல் காற்றை இழுக்க உதவும் விலாக்கூடும் இல்லை. வாய்க்குள் காற்றை நிரப்பி, மூக்குத்துளைகளை மூடி, தொண்டையை மேலே உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி தோல் வழியாகப் போய்விடும். 1661-இல் மார்செல்லோ மால்பிகி நுண்குழல் இரத்த நாளங்களை முதன்முதலில் கண்டது இத்தகைய தவளையின் நுரையீரலில்தான்.

எட்டாம் படி: ஆட்டிறைச்சிக் கடையும் கோழிக் கடையும்

செவுளைப் பார்த்து முடித்தவருக்கு நுரையீரல் இப்போது எளிதாகப் புரியும். ஆட்டின் நுரையீரலை மூச்சுக்குழாயோடு, கிழியாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு சிறு துண்டை நீரில் போட்டால் மிதக்கும், கல்லீரல் துண்டு மூழ்கும்; உள்ளே இன்னும் காற்று தங்கியிருப்பதே காரணம். மூச்சுக்குழாயில் வரிசையாகத் தடவிப் பார்த்தால் குருத்தெலும்பு வளையங்கள் பின்பக்கம் முழுமையடையாமல் திறந்திருப்பது தெரியும். சைக்கிள் பம்பின் குழாயை அதில் பொருத்தி மெதுவாக அடித்தால் இளஞ்சிவப்பாக விரியும். வாயால் ஊத வேண்டாம், கையுறையைக் கழற்றவும் வேண்டாம். மனித நுரையீரலில் காற்று நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேல் உண்டு. அவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மீட்டர், காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. காற்று சவ்வை உலர்த்திவிடும் என்பதாலேயே இத்தனையும் உடலுக்குள் ஒளிக்கப்பட்டிருக்கிறது. அதற்கான விலை, வந்த வழியே திரும்பும் மூச்சு. ஓய்வில் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் 500 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. மீதிதான் நுண்ணறைகளை எட்டி, அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய காற்றோடு கலக்கிறது.

கோழியின் நுரையீரலை விலா எலும்புகளுக்கு இடையில் தேடுங்கள். பளிச்சென்ற இளஞ்சிவப்பில், விலாக்களின் பள்ளங்கள் பதிந்து, முதுகோடு ஒட்டியிருக்கும். அது ஊதினால் விரியாது. சுற்றியுள்ள மெல்லிய காற்றுப்பைகள், கோழிக்கு ஒன்பது, விரிந்து சுருங்கி நுரையீரலுக்குள் காற்றை ஒரே திசையில் ஓட்டுகின்றன. உள்ளே வந்த காற்று வெளியேற இரண்டு மூச்சுகள் ஆகும். நீருக்குச் செவுள் கண்ட ஒருவழிப் பாதையைக் காற்றுக்குக் கண்டவை பறவைகள். ஊசுட்டேரிக்கு நெடுந்தொலைவிலிருந்து பறந்து வரும் வாத்துகள் அத்தனை தூரம் சிறகடிக்க முடிவதில் இந்த நுரையீரலுக்கும் பங்குண்டு.

ஒன்பதாம் படி: முட்டை

இருட்டறையில் கைப்பேசி டார்ச்சின் மேல் கோழிமுட்டையின் அகன்ற முனையை வைத்தால் அங்கே ஒரு காற்றறை தெரியும். அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே சில நாள் வைத்து மீண்டும் வரைந்தால் அது பெரிதாகியிருக்கும். ஓட்டில் உள்ள சுமார் 10,000 நுண்துளைகள் வழியாக நீராவி வெளியேற, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. பழைய முட்டை நீரில் மிதப்பதும் இதனால்தான். முட்டையைச் சுடுநீரில் இறக்கினால் இந்தத் துளைகளிலிருந்து சிறு குமிழிகள் வருவதையும் பார்க்கலாம்.

அடை வைத்த முட்டையில் அதே துளைகள்தான் மூச்சு வழி. ஓட்டின் அடியில் படரும் இரத்த நாளச் சவ்வு ஆக்சிஜனை எடுக்கிறது. பொரிப்பதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பு குஞ்சு அலகால் காற்றறையைக் குத்தித் திறந்து நுரையீரலால் முதன்முதலாகக் காற்றைச் சுவாசிக்கிறது. பொரிப்பானில் அகன்ற முனை மேலே இருக்குமாறு முட்டைகளை அடுக்குவது இதற்காகவே. ஓட்டின் மேல் எண்ணெயோ சாணமோ படிந்திருந்தால் அந்த முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.

ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் கூடும் இந்த விதிக்கு உட்பட்டதுதான். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் நூறளவு முட்டைகள், ஆறேழு வாரங்களுக்கும் மேல், மணல் துகள்களின் இடைவெளிகள் வழியாகவே ஆக்சிஜன் பெறுகின்றன. அலை நீர் புகுந்து நெடுநேரம் நின்றாலோ மேலே வண்டிகள் ஏறி மணலை இறுக்கிவிட்டாலோ உள்ளிருக்கும் கருக்கள் மூச்சடைத்து இறந்துவிடும். எனவே ஆமை வந்துபோன தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காதீர்கள், அந்த இடத்தில் கூட்டமாக நிற்காதீர்கள். ஆமையும் அதன் முட்டைகளும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். முட்டைகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்ற வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.